ஆசிரியர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு எதை, எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும்?

கேள்வி: செங்காங் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஆசிரியர் சங்கம் ஒன்றின் செயற்குழுவில் இவ்வாண்டு எனக்கு உறுப்பினர் தகவல் பொறுப்பு தரப்பட்டுள்ளது. பணி ஒப்பந்தம், உரிமைகள், சலுகைகள் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களை உறுப்பினர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிப்பதே அந்தப் பொறுப்பு. இதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் ஒரு சுற்றறிக்கை போகும். இடையில் யாரேனும் ஏதேனும் கேட்டால், வாட்ஸ்அப் குழுவில் அப்போது கண்ணில் படுபவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். இந்த ஏற்பாடு இனியும் தொடர்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே வகைப் பணியில் இருப்பவர்கள் அல்லர். பெரும்பாலோர் கல்வி அமைச்சின் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப்பள்ளிகளிலும் நிரந்தரப் பணியில் உள்ளவர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒப்பந்த அடிப்படையில் மீண்டும் வகுப்பறைக்கு வந்தவர்கள் சிலர். தனியார் பாலர் பள்ளிகளில் தமிழ் கற்பிப்பவர்களும் துணைப்பாட நிலையங்களில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சுற்றறிக்கைதான் போகிறது. விடுப்பு பற்றிச் சென்ற முறை எழுதப்பட்டிருந்த ஒரு பத்தி அமைச்சுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே பொருந்தக்கூடியது. அதைப் படித்துவிட்டுத் துணைப்பாட நிலையத்தில் பணிபுரியும் ஓர் உறுப்பினர் தம் மேலாளரிடம் போய் அதே விடுப்பைக் கேட்டிருக்கிறார். அவருக்கு நேர்ந்த சங்கடத்துக்கு யார் பொறுப்பு என்று செயற்குழுவில் நீண்ட நேரம் பேசினோம். முடிவு ஒன்றும் எட்டப்படவில்லை.

அனுபவமுள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். தகவலை எந்த அடிப்படையில் பிரித்து அனுப்புவது? சட்ட விவரங்களை எவ்வளவு ஆழமாகச் சொல்வது? எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, "இதற்கு மேல் நேரில் வாருங்கள்" என்று சொல்வது? பிற சங்கங்களில் பொறுப்பு வகித்தவர்களும், தகவலைப் பெறும் இடத்தில் இருக்கும் ஆசிரியர்களும் தங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பிடோக் முன்னாள் செயலாளர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் சிக்கலுக்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டம் 1968ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. 2019 ஏப்ரல் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தால், அதுவரை சம்பள வரம்பு காரணமாக வெளியே நின்ற நிர்வாகிகளும் உயர்நிலைத் தொழில் வல்லுநர்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தார்கள். ஆயினும் அரசாங்க ஊழியர்கள், ஆணைபெற்ற கழகங்களின் (தனிச்சட்டத்தால் அமைந்த அரசாங்க அமைப்புகளின்) ஊழியர்கள், கடலோடிகள், இல்லப் பணிப்பெண்கள் ஆகியோர் இன்றும் அச்சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஆகவே, அமைச்சுப் பள்ளியில் நிரந்தரப் பணியிலிருக்கும் தமிழாசிரியரின் விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணி விலகல் போன்றவற்றை நிர்ணயிப்பது பொதுச் சேவை விதிகளும் அமைச்சின் அறிவிப்புகளுமே. தெருவின் எதிர்ப்புறத்துத் துணைப்பாட நிலையத்தில் அதே பாடத்தைக் கற்பிப்பவரின் நிலையை நிர்ணயிப்பது வேலை நியமனச் சட்டமும் அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தமும். இருவரும் ஆசிரியர்கள், இருவரும் உங்கள் உறுப்பினர்கள், ஆனால் இருவருக்கும் ஒரே வாக்கியத்தில் உரிமை சொல்ல முடியாது.

தனியார் துறைக்குள்ளும் ஒரு பிரிவினை இருக்கிறது; இதைப் பல சங்கங்கள் கவனிப்பதில்லை. வாரத்துக்கு 44 மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் ஆகியவற்றைக் கூறும், அச்சட்டத்தின் நான்காம் பகுதி எல்லாருக்கும் உரியதன்று. உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதவர்களில், மாத அடிப்படைச் சம்பளம் 2,600 சிங்கப்பூர் வெள்ளி வரை பெறுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். நிர்வாகிகளுக்கும் அவர்களுக்கு நிகராகக் கருதப்படும் தொழில் வல்லுநர்களுக்கும் பொருந்தாது. 2,400 வெள்ளி பெறும் ஓர் உதவி ஆசிரியை சனிக்கிழமை கூடுதல் வகுப்புக்கு ஊதியம் கேட்கச் சட்டம் துணை நிற்கக்கூடும். 3,200 வெள்ளி பெறும் அவருடைய சக ஆசிரியர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். "கூடுதல் நேரத்துக்கு ஊதியம் கேட்பது உங்கள் உரிமை" என்று மொட்டையாக எழுதும் சுற்றறிக்கை இரண்டாமவரை வீண் வாதத்துக்கு அனுப்பிவைக்கும்.

எல்லாருக்கும் பொதுவானவையும் உண்டு. ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பாகிய மத்திய சேமநிதியில் 55 வயது வரை உள்ளவர்களுக்கு முதலாளி 17 விழுக்காடும் ஊழியர் 20 விழுக்காடும் செலுத்துவது அமைச்சுப் பள்ளி, தனியார் ஆகிய இரு தரப்புக்கும் ஒன்றே. சேமநிதிக்குக் கணக்கில் எடுக்கப்படும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2025 ஜனவரியில் 7,400 வெள்ளியாகவும் 2026 ஜனவரியில் 8,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. அனுபவம் மிக்க ஆசிரியர்களுக்கு இதனால் கையில் வரும் தொகை குறையும், சேமநிதியில் சேரும் தொகை கூடும். ஜனவரிச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு உறுப்பினர்கள் பதறுவதற்கு முன், டிசம்பரிலேயே நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தால் போதும்.

என் பரிந்துரை எளியது. ஒவ்வொரு தகவலின் முதல் வரியும் "இது யாருக்கு" என்பதாக இருக்கட்டும். இரண்டாம் வரி "எந்தத் தேதியிலிருந்து" என்பதாக இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் செய்தியே தொடங்க வேண்டும். தலைப்பை அழகாக எழுதிவிட்டு, யாருக்குப் பொருந்தும் என்பதை ஐந்தாம் பத்தியில் ஒளித்து வைக்கும் வழக்கத்தை நான் பல சங்க ஏடுகளில் பார்த்திருக்கிறேன். நம் சமூகத்தில் ஐந்தாம் பத்தி வரை பொறுமையாகப் படிப்பவர் தமிழாசிரியராகவே இருந்தாலும் அரிது.

பதில்: தனியார் பாலர் பள்ளி ஆசிரியை, தெம்பனிஸ்

முன்னாள் செயலாளர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் தகவலைப் பெறுபவளாக என்னுடைய குறை வேறு. எனக்குத் தேவையான செய்தி சங்கத்திடமிருந்து வந்தது. காலம் கடந்து வந்தது.

மனிதவள அமைச்சின் விதிகளில் கால வரம்புகள் மிகக் குறுகியவை. முறையற்ற பணிநீக்கம் என்று கோர விரும்புபவர் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த, சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் மனு கொடுத்துவிட வேண்டும். பேறுகாலத்தோடு தொடர்புடைய பணிநீக்கமானால் குழந்தை பிறந்த நாளிலிருந்து இரண்டு மாதம். சம்பள பாக்கியைக் கேட்க, வேலையை விட்டவருக்கு ஆறு மாதம். வேலையில் தொடர்பவருக்கு, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டு. ஒரு மாத வரம்புள்ள விஷயத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சுற்றறிக்கையால் என்ன பயன்? வற்புறுத்தலின்பேரில் பணி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அதைப் பணிநீக்கமாகக் கருதும்படி கோரலாம் என்பது, பணி விலகிய பலருக்கு அந்த ஒரு மாதம் முடிந்த பிறகே தெரிகிறது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் இது நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தச் சக ஆசிரியை சண்டை போட விரும்பாதவர். "போனால் போகட்டும்" என்று இருந்துவிட்டார். ஆனால் தெரிந்த பிறகு விட்டுக்கொடுப்பதும் தெரியாமலே இழப்பதும் ஒன்றல்ல.

ஆகையால் கால வரம்புள்ள தகவல்களைச் சுற்றறிக்கையின் சுழற்சிக்குள் அடைக்காதீர்கள். அவற்றை உறுப்பினர் சேரும் நாளிலேயே ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். வேலை போன பிறகு மின்னஞ்சலைத் தேடிப் பார்க்கும் மனநிலை யாருக்கும் இருக்காது.

ஒப்பந்தம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் முதல், 14 நாள்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் எவருக்கும், வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் கொடுத்தாக வேண்டும். பதவி, பணிகள், வேலை தொடங்கும் தேதி, வேலை நேரம், அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள், விடுப்பு, மருத்துவச் சலுகை, தகுதிகாண் காலம், முன்னறிவிப்புக் காலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். என் தோழியர் பலர் இந்தத் தாளைப் பெற்றிருக்கிறார்கள், கையொப்பமிட்டிருக்கிறார்கள், படித்ததில்லை. சங்கம் சட்டத்தை விளக்குவதற்கு முன், "உங்கள் தாளை எடுத்து முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள்" என்று ஒரே ஒரு வேலையைக் கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தில் அது சொல்லப்படாவிட்டால்தான் சட்டம் கூறும் காலம் செல்லும்: 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு ஒரு நாள், இரண்டு ஆண்டுக்கு உட்பட்டால் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்கு உட்பட்டால் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். "சட்டப்படி ஒரு மாதம்" என்று எல்லாரும் சொல்லிக்கொள்வது சட்டத்தில் இல்லை. அது பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும் வழக்கம் மட்டுமே.

இன்னொன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்கள். குறைந்தது 14 நாள் நீளமுள்ள ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதத்துக்குள் மறுபடியும் புதுப்பிக்கப்பட்டால், விடுப்புத் தகுதியைக் கணக்கிடும்போது அந்தப் பணிக்காலங்களைத் தொடர்ச்சியானவையாகக் கருத வேண்டும் என்று முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் கூறுகின்றன. நவம்பர் இறுதியில் முடித்து ஜனவரியில் மீண்டும் சேர்க்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். இடைவெளி ஒரு மாதத்தைத் தாண்டுகிறதா என்பதைக் கையொப்பமிடுவதற்கு முன்பே நாள்காட்டியை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் சுற்றறிக்கையில் அக்டோபரிலேயே போடுங்கள். பிப்ரவரியில் போட்டால் வரலாற்றுக் கட்டுரையாகிவிடும்.

பதில்: ஜூரோங் தமிழாசிரியர்

நான் அமைச்சுப் பள்ளியில் பல ஆண்டுகளாக இருப்பவன். மேலே இருவரும் எழுதியவை தனியார் துறைக்கு மிகப் பயனுள்ளவை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்குத் தகவல் பற்றாக்குறை இல்லை. அமைச்சின் உள் இணையத்தில் எல்லாமே இருக்கிறது; இருப்பதுதான் தொல்லை. தேடத் தெரிந்தவருக்கே கிடைக்கும், தேடியவருக்கும் தம் நிலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது புரியாது. அதையே சங்கம் மறுபடி நகலெடுத்து அனுப்புவதில் பொருளில்லை.

இங்கே முன்னாள் செயலாளர் ஐயாவோடு சற்று மாறுபடுகிறேன். சட்டத்தின்படி தகவலைப் பிரிப்பது செயற்குழுவுக்கு வசதி. உறுப்பினர் மனத்தில் சட்டம் இல்லை. அவர் வாழ்க்கையில் நடப்பதுதான் இருக்கிறது. குழந்தை பிறக்கப்போகிறது, ஊரில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கலாமா, சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் ஆண்டு மதிப்பீட்டில் என்ன ஆகும், அடுத்த ஆண்டு ஓய்வு வயது எட்டுகிறது. தகவலை இந்தக் கேள்விகளின் கீழ் அடுக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் "அமைச்சுப் பள்ளி" என்று ஒரு பத்தியும் "தனியார்" என்று ஒரு பத்தியும் இருந்தால் ஐயா சொன்னதும் நிறைவேறும்.

ஓய்வு வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் ஓய்வு வயது 63ஆகவும் மறுவேலைவாய்ப்பு வயது (ஓய்வு வயதுக்குப் பிறகு மீண்டும் வேலை தரப்பட வேண்டிய உச்ச வயது) 68ஆகவும் உயர்ந்தது 2022 ஜூலை 1ஆம் தேதி. பொதுச் சேவையிலோ அது ஓராண்டு முன்னதாகவே, 2021 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்துவிட்டது. அந்த இடைப்பட்ட ஓராண்டில், நாளிதழில் ஒரு தேதியையும் பள்ளி அலுவலகத்தில் இன்னொரு தேதியையும் கேட்டுக் குழம்பிய மூத்த ஆசிரியர்கள் உண்டு. இரண்டு தேதிகளும் சரி. யாருக்கு எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வதுதான் சங்கத்தின் வேலை. 2026 ஜூலை 1இல் நாட்டளவில் 64, 69 என்று அடுத்த உயர்வு வருகிறது. அதற்கும் இதே முறையைக் கையாளலாம்.

பேறுகால, பெற்றோர் விடுப்பு பற்றியும் இதே கதைதான். குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனானால், உரிய தகுதியுள்ள தாய்க்கு 16 வாரம். தந்தையருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரம் தருவது முதலாளிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அதே நாளில் ஆறு வாரமாகத் தொடங்கி, 2026 ஏப்ரல் 1 முதல் பத்து வாரமாகியது. இவற்றைக் குழந்தை பிறக்கும் தேதிதான் தீர்மானிக்கிறது, விண்ணப்பிக்கும் தேதி அல்ல. மார்ச் மாதக் கடைசியில் பிறந்த குழந்தையின் தகப்பனார் ஏப்ரலில் விண்ணப்பித்தால் கூடுதல் வாரம் கிடைக்கும் என்று நம்பியிருந்ததை நான் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன்.

சம்பள உயர்வுச் செய்திகளைக் கையாள்வதில் தனிக் கவனம் வேண்டும். ஏறத்தாழ 35,000 ஆசிரியர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதல் 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்வு என்று கல்வி அமைச்சு அறிவித்தபோது, பலர் காதில் விழுந்தது "பத்து" மட்டும்தான். இப்படிப்பட்ட அறிவிப்பைச் சங்கம் வெளியிடும்போது மேல் எண்ணைத் தலைப்பாக்கக் கூடாது; கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் ஒன்றாகவே எழுதி, யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது என்று உடனே சேர்க்க வேண்டும்.

சலுகை குறையும்போதும் இதே நேர்மை தேவை. 2018 ஆகஸ்ட் 1 முதல் பள்ளி வளாகத்தில் கார் நிறுத்த ஆசிரியர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. அதை ஆதரித்தவரும் இருந்தார்கள், மனம் வருந்தியவரும் இருந்தார்கள். நான் காரே ஓட்டாதவன் என்பதால் எனக்கு இரண்டும் இல்லை. ஆனால் அப்போது கவனித்தது, நல்ல செய்திக்கு முழுப் பக்கம் ஒதுக்கும் ஏடுகள் கெட்ட செய்தியை ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன என்பது. உறுப்பினர் சங்கத்தை நம்புவது கெட்ட செய்தியை அது எப்படிச் சொல்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. ஆசிரியர்கள் தங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோரிடம் தர வேண்டியதில்லை என்றும், பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் வேலைச் செய்திகளுக்குப் பதில் அளிப்பது எதிர்பார்க்கப்படவில்லை என்றும் 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு தெளிவுபடுத்தியது. இது உரிமை வகையா, வழிகாட்டி வகையா என்று விவாதிப்பதைவிட, பெற்றோர் ஒருவர் இரவில் செய்தி அனுப்பினால் மறுநாள் காலை எந்த வாக்கியத்தால் பணிவோடு பதில் சொல்லலாம் என்று ஒரு மாதிரியைச் சங்கம் எழுதிக் கொடுத்தால் இளம் ஆசிரியர்கள் உண்மையிலேயே பயன்படுத்துவார்கள்.

தொடர்க் கேள்வி: செங்காங் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. "இது யாருக்கு, எப்போதிலிருந்து" என்ற முதல் இரண்டு வரிகளையும், வாழ்க்கை நிகழ்வுகளின்படி அடுக்கும் முறையையும் அடுத்த கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். ஒரு மாதக் கால வரம்பு பற்றிப் பாலர் பள்ளி ஆசிரியை எழுதியதைப் படித்ததும், சேரும் நாளிலேயே தரும் ஒரு பக்கத் தாளை உடனே தயாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

எஞ்சியிருப்பது வாட்ஸ்அப் குழுதான். உறுப்பினர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, "இது சரியா" என்று கேட்கிறார்கள். பள்ளி அலுவலகத்திலிருந்து வந்த உள் அறிவிப்புகளையும் சிலர் பகிர்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் சங்கம் எதற்கு என்று கேட்பார்கள். சொன்னால் நாளை அது தவறாகிப்போனால் என்ன செய்வது? இதில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

பதில்: பிடோக் முன்னாள் செயலாளர்

முதலில், ஜூரோங் ஆசிரியர் மாறுபட்டது நியாயமே. செயற்குழு மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்களுக்கு விதியிலிருந்து தொடங்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்வி. உள் அறிவிப்புகளைக் குழுவில் பகிர்வதை உடனே நிறுத்துங்கள். அரசாங்க ஊழியர்கள் அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். ஓர் அறிவிப்பு வெளியாருக்கு உரியதா, இல்லையா என்பதை இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் முடிவு செய்யக் கூடாது. அறிவிப்பின் நகலைப் பகிராமலே, "இந்தப் பொருள் பற்றிப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், தெளிவில்லையென்றால் சங்கத்துக்குத் தனியாக எழுதுங்கள்" என்று சொல்ல முடியும்.

ஒப்பந்தப் படங்களைப் பொறுத்தவரை, அதில் அடையாள எண், முகவரி, சம்பளம் அனைத்தும் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டிலிருந்து நம்மிடம் உள்ளது. சங்கமும் அதற்கு விலக்கன்று. குழுவில் வந்த படத்தை நீக்கச் சொல்லிவிட்டு, அந்த உறுப்பினரைத் தனியாக அழைத்துப் பேசுவதே முறை.

கோடு எங்கே என்றால், என் அனுபவத்தில் இப்படி. "விதி இப்படிச் சொல்கிறது" என்பது பொதுத் தகவல். அதைக் குழுவில் தேதியோடு சொல்லலாம். "உங்கள் முதலாளி செய்தது தவறு" என்பது தீர்ப்பு. அதைச் செயற்குழு உறுப்பினர் ஒருவர் ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லக் கூடாது. அங்கே நீங்கள் தர வேண்டியது தீர்ப்பன்று, அடுத்த படி. தனியார் துறை உறுப்பினர் என்றால் அந்தப் படி மிகத் தெளிவானது: முதலில் முத்தரப்புக் கூட்டணியில் சமரசப் பேச்சு, அது தோற்றால் வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் வாதாட இடமில்லை. சாதாரணமாகக் கோரக்கூடிய தொகையின் வரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கத்தின் துணையோடு முத்தரப்புச் சமரசத்தின் வழியாகப் போனவர்களுக்கு அது 30,000 வெள்ளி. சங்கத்தில் சேர்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் சலுகைப் பற்றுச்சீட்டையும் விருந்தையும் காட்டுவதைவிட இந்தப் பத்தாயிரம் வெள்ளி வேறுபாட்டைச் சொல்லலாம். அமைச்சுப் பள்ளி ஆசிரியருக்கு இந்த வழி இல்லை. அவருடைய குறை பள்ளி முதல்வர், பிறகு அமைச்சு என்ற உள் முறையீட்டு வழியில்தான் போக வேண்டும். அங்கே சங்கம் கடிதம் எழுதலாம், கூடவே போய் உட்காரலாம்.

ஒரு நடைமுறை யோசனை. வாட்ஸ்அப் குழுவை இரண்டாக்குங்கள். ஒன்றில் செயற்குழு மட்டுமே எழுத முடியும். அதில் வரும் ஒவ்வொரு செய்தியிலும் தேதி இருக்கும், பழைய செய்தி மாறினால் "இதற்கு முன் அனுப்பியது இனிச் செல்லாது" என்று தனியாக எழுதப்படும். மற்றதில் உறுப்பினர்கள் மனம் விட்டுப் பேசட்டும். ஆனால் அங்கே சொல்லப்படுவது சங்கத்தின் நிலைப்பாடு அன்று என்பதைக் குழுவின் விளக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பதில்: பகுதிநேர ஆசிரியர், ஈசூன்

சுருக்கமாக ஒன்று. இதுவரை பேசியதில் பெரும்பகுதி தகராறும் கால வரம்பும். சங்க உறுப்பினர் சலுகைகள் பற்றி யாரும் எழுதவில்லையே என்று தோன்றியது. என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) உறுப்பினர்களுக்கு, அரசாங்க உதவி போக மிஞ்சும் பயிற்சிக் கட்டணத்தில் பாதியை, ஆண்டுக்கு 250 வெள்ளி வரை திரும்பத் தரும் பயிற்சி உதவித் திட்டம் இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்த வரம்பு 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நான் என் கையிலிருந்து முழுக் கட்டணமும் செலுத்திப் பாலர் கல்விப் பயிற்சி ஒன்றை முடித்த பிறகுதான், சக ஆசிரியர் ஒருவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். உங்கள் சங்கம் என்டியுசியோடு இணைந்ததாக இருந்தால், பயிற்சிக்குப் பதிவு செய்யும் காலத்துக்கு முன்பே இதைத் தெரிவியுங்கள். எந்தப் பயிற்சிகளுக்குப் பொருந்தும், எத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பயிற்சி முடிந்தவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

பதில்: தனியார் பாலர் பள்ளி ஆசிரியை, தெம்பனிஸ்

செங்காங் ஆசிரியைக்கு இன்னும் ஒரு சிறு குறிப்பு. அந்த ஒரு பக்கத் தாளில் சம்பளச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பள காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு சம்பளத்தோடோ, அதிகம் போனால் மூன்று வேலை நாளுக்குள்ளோ தரப்பட வேண்டும். துணைப்பாட நிலையங்களில் சிலர் மாதக் கடைசியில் வங்கியில் பணம் விழுந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள், பிடித்தம் எதற்கு என்று கேட்பதில்லை. சமரசப் பேச்சுக்குப் போகும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுகளும் ஒப்பந்தமும்தான். வேலையை விட்டு வெளியேறிய பிறகு நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டுவிடும் என்பதால், மாதந்தோறும் ஒரு நகலைச் சொந்தக் கணக்கில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.